பாரத்நெட்: கேபிள் வந்த ஊருக்கு இணையம் ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் (ஒளியிழை) கேபிள் வந்து, சுவரில் பெட்டியும் மாட்டி, இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஊரில் ஒரு வீட்டுக்குக்கூட அதிலிருந்து இணைப்பு போகவில்லை. ஊராட்சிகளுக்கு ஃபைபரில் இணையம் கொண்டுபோக 2011-ல் அறிவித்த பாரத்நெட் திட்டம் இன்னும் முடியாததற்குக் காரணம் ஊழலா, திறமைக் குறைவா, இல்லை உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமான வேலையா என்று கேட்கிறீர்கள். ஸ்டார்லிங்கும் (செயற்கைக்கோள் இணையம்) 5ஜியும் வந்த பிறகு மண்ணைத் தோண்டிக் கேபிள் போடுவதில் அர்த்தம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கேபிள் போடுவது, ஜாயின்ட் அடிப்பது, பழுது பார்ப்பது, ஒப்பந்ததாரர் காட்டும் அளவைச் சரிபார்ப்பது, இந்தப் பக்கத்தில்தான் பல வருடம் இருந்தேன். டெண்டர் யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று முடிவாகும் அறைகளுக்குள் நான் போனதில்லை. எனவே களத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கொள்கை, பணம் பற்றிச் சொல்லும்போது ஆண்டும் தொகையும் அரசே வெளியிட்டவை. அவற்றுக்கு நான் தரும் விளக்கம் என்னுடைய கணிப்பு மட்டுமே.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் (பாரத்நெட்டின் பழைய பெயர் அதுதான்) இதற்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டே வருடம். பணம், தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதம் கட்டும் சேவைக் கடமை நிதியிலிருந்து வந்தது (இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி). 2012 பிப்ரவரியில் இதற்காகவே பிபிஎன்எல் என்று ஒரு தனி நிறுவனம் தொடங்கினார்கள். தோண்டிப் புதைக்கும் வேலையை பிஎஸ்என்எல், ரெயில்டெல், பவர்கிரிட் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் பிரித்துக்கொண்டன. பெரும்பங்கு பிஎஸ்என்எல்லுக்கு.

இவ்வளவு பெரிய நாட்டுக்கு இவ்வளவு சின்னத் தொகையும் இவ்வளவு குறுகிய கெடுவும் எப்படி வந்தன? அன்றைய கணக்கு இப்படிப் போனது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒன்றியத் தலைநகர் வரை பிஎஸ்என்எல்லின் ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாதை பல ஊராட்சிகளுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஆகவே பாதை கடக்கும் இடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை விட்டுப்போன இரண்டு, மூன்று கிலோமீட்டரை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய கேபிளில் சும்மா கிடக்கும் இழையோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. காகிதத்தில் அழகான யோசனை. அஜ்மீரின் அராயின், திரிபுராவின் பானிசாகர், விசாகப்பட்டினத்தின் பரவாடா ஆகிய மூன்று ஒன்றியங்களில் 59 ஊராட்சிகளை இணைத்து முன்னோட்டமும் பார்த்தார்கள். அது ஓடியது. மூன்றே ஒன்றியங்கள் மீது தலைமையகத்தின் கண் முழுக்க இருக்கும்போது எதுவும் ஓடும்.

சிக்கல் அந்தப் பழைய கேபிளில்தான் இருந்தது. அவற்றில் பல 1990-களிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் புதைத்தவை. சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் வெட்டுப்பட்டு, ஒட்டுப்போட்டு, மறுபடி வெட்டுப்பட்டவை. ஏட்டில் ஆறு இழை காலியாக இருக்கும். போய் அளந்து பார்த்தால் அதில் இரண்டுதான் உயிரோடு இருக்கும், அவற்றிலும் ஒளி தேய்ந்து தேய்ந்து வரும். புதிதாகப் போட்ட மூன்று கிலோமீட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்? சமிக்ஞை அதற்கு முன்னால் பன்னிரண்டு கிலோமீட்டர் அந்தப் பழைய கேபிளில் வர வேண்டியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் பயன்படுத்தியது, ஒரே இழையின் ஒளியைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் தொழில்நுட்பம். ஒன்றியத்தில் ஓஎல்டி என்ற பெரிய பெட்டி, ஊராட்சியில் ஓஎன்டி என்ற சிறிய பெட்டி, நடுவில் மின்சாரமே தேவைப்படாத பிரிப்பான்கள். ஓஎல்டியிலிருந்து கிளம்பும் ஒளி வழியில் இழக்கக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. பரவலாகப் பயன்படும் வகையில் அது 28 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு). இழை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.35 டெசிபல் தின்னும், 20 கிலோமீட்டருக்கு 7. ஒளியை 32 பேருக்குப் பிரித்தால் அந்தப் பிரிப்பானில் மட்டும் 17 போகும். இணைப்பு முனைகள், ஜாயின்ட்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 2. ஆக 26 ஆயிற்று. கையில் மிச்சம் இருப்பது 2 டெசிபல்தான். எல்லா ஊராட்சியும் இருபதாவது கிலோமீட்டரில் இல்லை, எல்லா இடத்திலும் முப்பத்திரண்டாகப் பிரிப்பதும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கையிருப்பு எவ்வளவு மெல்லியது என்பது இதில் தெரியும்.

ஒரு கேபிள் வெட்டுப்பட்டால் அதை அப்படியே இழுத்து ஒட்ட முடியாது. நடுவில் ஒரு துண்டு வைத்து இரண்டு பக்கமும் ஜாயின்ட் அடிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாக இரண்டு ஜாயின்ட். நிதானமாக, நல்ல மெஷினில் செய்தால் ஒரு ஜாயின்ட்டில் 0.1 டெசிபலுக்கும் குறைவாகத்தான் போகும். மழை இரவில், சாலையோரத்தில், பின்னாலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும்போது செய்தால் 0.3 கூட ஆகும். அவசரத்தில் யாரும் மறுபடி அடிப்பதில்லை, லைன் வந்துவிட்டதே என்று கிளம்பிவிடுவார்கள். இப்படி நாலைந்து வெட்டு விழுந்த பாதையில், எந்த ஒரு பழுதும் இல்லாமலேயே, கடைசி ஊராட்சியின் பெட்டி ஒருநாள் விட்டுவிட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். பகலில் போகும், ராத்திரி வரும். யார் வந்து பார்த்தாலும் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சரி, வெட்டுவது யார்? எல்லோரும்தான். நெடுஞ்சாலைத் துறை, குடிநீர்க் குழாய் போடுபவர்கள், மின்வாரியம், தனியார் தொலைபேசி நிறுவனங்கள், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுபவர். 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய பிறகு ஊருக்கு ஊர் குழாய்க்காகத் தெருவோரம் தோண்டினார்கள். அதே தெருவோரத்தில்தான் ஃபைபரும் கிடந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் இடங்களில் ஃபைபர் வெட்டுப்படுகிறது, அதனால் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே சொல்லி, 2023 மார்ச்சில் தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல ஒரு செயலியை வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜேசிபி ஓட்டுபவருக்கு மணிக்கணக்கில் வாடகை. செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டு அவர் நிற்க மாட்டார். அவரை அனுப்பிய ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்திலேயே அபராதம் இருந்தால்தான் நிற்பார்.

வெட்டு விழுந்தபின் அதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஓடிடிஆர் என்ற கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து 6.4 கிலோமீட்டரில் உடைந்திருக்கிறது என்று காட்டும். அது இழையின் நீளம், சாலையின் நீளம் இல்லை. கேபிளுக்குள் இழை சற்றே சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் பின்னால் உதவும் என்று பல மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எங்கெங்கே எவ்வளவு சுருள் இருக்கிறது என்று எழுதி வைத்த வரைபடம் இருந்தால் கழித்துக்கொண்டு நேராக இடத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் முன்னூறு, நானூறு மீட்டர் தூரத்துக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். புது மண் தெரிகிறதா, குழாய் பதித்திருக்கிறார்களா, டீக்கடைக்காரருக்கு ஏதாவது தெரியுமா என்று. பாதை அடையாளத்துக்கு நட்ட கல்லை யாராவது பிடுங்கித் துணி துவைக்கப் போட்டிருப்பார்கள். பழுது நீக்க எட்டு மணி நேரம் ஆனது என்றால் அதில் ஐந்து மணி நேரம் இப்படி நடந்ததாகத்தான் இருக்கும்.

இடம் கிடைத்தபின் வேலை பொறுமையானது. மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் ஜெல்லியைத் துணியால் வழித்துத் துடைத்து, நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று நிற வரிசையில் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். மேல் வண்ணப் பூச்சை எடுத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி 125 மைக்ரான் தடிமன். ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். அதை நேர்த்தியாக வெட்டி, மெஷினில் எதிரெதிரே வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டி, மேலே உறை சுருக்க வேண்டும். 24 இழைக் கேபிளில் இதை இருபத்துநான்கு முறை செய்ய வேண்டும், இரண்டு முனையிலும். ஒரு தூசி போதும், கெட்டுவிடும். காற்றடிக்கும் இடத்தில் வேனுக்குள் உட்கார்ந்துதான் செய்வோம். இதை நன்றாகச் செய்யத் தெரிந்த கைகள் ஒரு மாவட்டத்துக்குச் சிலதான் இருக்கும். அவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்ததாரருக்குக் கீழ் இருக்கும் ஒப்பந்ததாரருக்குக் கீழே தினக்கூலியில் இருப்பவர்கள். மேலே பில் பாஸ் ஆகாமல் நின்றால் முதலில் வேலைக்கு வராமல் போவது இவர்கள்தான்.

ஆழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் பேசுவது அதைத்தான். சாதாரண மண்ணில் ஃபைபர் டக்ட் (கேபிள் போகும் குழாய்) 165 சென்டிமீட்டர் ஆழத்தில் போக வேண்டும் என்பது பிஎஸ்என்எல்லின் நெடுநாள் விதி. கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அரை மீட்டருக்குக் கீழே பாறை வந்துவிடும். அங்கே ஆழம் குறைத்து, மேலே இரும்புக் குழாயோ காங்கிரீட்டோ போட்டுக் காப்பாற்ற வேண்டும். அதற்கு விலை வேறு, அனுமதி வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தோண்டுவது எளிது. ஆனால் அந்த மண் மழையில் உப்பி, கோடையில் பிளந்து, உள்ளே இருப்பதை எல்லாம் அசைக்கும். அளவெடுப்பவர் கிலோமீட்டருக்கு ஓரிரண்டு இடத்தில்தான் குழியைத் திறந்து பார்ப்பார். அந்த இடங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே மட்டும் 165 இருக்கும். இதை ஊழல் என்று சொல்வதா? சொல்லலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கான காசு வாங்கி எழுபது சென்டிமீட்டரில் புதைத்த கேபிளைத்தான் குழாய்க்காரரின் ஜேசிபி முதலில் தூக்குகிறது.

அனுமதிகளுக்கு வருவோம். ஒன்றியத்திலிருந்து உங்கள் ஊருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை, அடுத்தது மாநில நெடுஞ்சாலை, பிறகு ஊராட்சி ஒன்றியச் சாலை, நடுவில் ஒரு ரயில்வே கேட், ஒரு பொதுப்பணித்துறைக் கால்வாய், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஒரு துண்டு வனத்துறை நிலம். ஒவ்வொருவரிடமும் தனி விண்ணப்பம், தனிச் சீரமைப்புக் கட்டணம், தனி வங்கி உத்தரவாதம். கால்வாயைக் கடக்கும் முப்பது மீட்டருக்குக் கடிதம் வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் போட்டு முடித்த பதினான்கு கிலோமீட்டரும் சும்மா கிடக்கும். 2016-ல் கேபிள் கொண்டுபோக அனுமதி தருவதற்கான வழியுரிமை விதிகள் வந்தன, 2022-ல் விண்ணப்பிக்க ஒரே இணையதளம் வந்தது, 2024-ல் விதிகளைப் புதிதாகவே எழுதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நிலைமை முன்னைவிட மேல் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சாலையின் சொந்தக்காரர் மாநிலத் துறை, கேபிள் மத்திய திட்டம். கீழ்நிலை அலுவலகத்தில் இருப்பவருக்கு இதில் அவசரப்பட ஒரு காரணமும் கிடையாது.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கத்தான் ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு எல்லாம் மின்கம்பத்தைப் பிடித்தன. மின்வாரியம் ஒன்றே சொந்தக்காரர், தோண்டல் இல்லை, செலவு குறைவு, வேகம் அதிகம். கேரள அரசின் கேஃபோன் இணைய வலையமைப்பு இப்படித்தான் மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகப் போய் 2023 ஜூனில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்தின் பாதையிலும் பெரும்பகுதி கம்பங்கள்தான். தெலங்கானா வேறு வழி பிடித்தது: மிஷன் பகீரதா குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய அதே பள்ளத்தில் ஃபைபருக்கும் டக்ட் போட்டுவிட்டார்கள். ஒரே பள்ளம், ஒரே செலவு. என்னைக் கேட்டால் நாட்டில் நடந்த புத்திசாலித்தனமான முடிவுகளில் அது ஒன்று. குழாய்க்காரர் வெட்டும் கேபிளைக் குழாய்க்காரரோடு சேர்ந்தே போட்டுவிட்டார்கள்.

கம்பத்தில் போகும் கேபிளுக்கும் எதிரிகள் உண்டு. அணில் கடிக்கும். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்வாகத் தொங்கும் இடத்தில் இழுத்துக்கொண்டு போகும். லைன்மேன் கம்பத்தை மாற்றும்போது கேபிளை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். அவருடைய வேலைப் பட்டியலில் அது இல்லையே. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை நினைத்துப் பாருங்கள். அன்று அவற்றில் ஃபைபர் இருந்திருந்தால் மின்சாரம் வந்து பல வாரங்கள் கழித்துத்தான் இணையம் வந்திருக்கும். ஆனாலும் கம்பத்தில் ஒரு பெரிய வசதி: உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், நடந்து தேட வேண்டாம். மாவட்டத்திலிருந்து ஒன்றியம் வரை மண்ணுக்கடியில், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்குக் கம்பத்தில், கடலோர ஒன்றியங்களில் மட்டும் முழுக்க மண்ணுக்கடியில் என்பதுதான் என் கருத்து. இதை ஏற்காத, என்னைவிட அனுபவம் உள்ள பொறியாளர்களும் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஊராட்சியின் பெட்டி. முடிந்தால் போய் அதன் விளக்குகளைப் பாருங்கள். எந்த விளக்கும் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை. பிளக்கைப் பிடுங்கி யாராவது போன் சார்ஜ் போட்டிருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம், கூரையில் வைத்த சோலார் பலகை காணாமல் போயிருக்கலாம். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை, வழியில் வெட்டு. பான் விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்தால் உங்கள் ஊர் வரை லைன் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கிருந்து வீடுகளுக்கு எடுத்துப்போக ஆள்தான் இல்லை. மூன்றும் மூன்று வேறு அலுவலகங்களின் பிரச்சினை. எந்த விளக்கு என்று சொல்லாமல் கொடுக்கும் புகார் மூன்று மேசைக்கும் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

என் அனுபவத்தில் இந்த மூன்றில் கரண்ட் இல்லாததுதான் மிகச் சாதாரணமான காரணம். ஊராட்சி அலுவலகம் வாரத்தில் சில நாள், சில மணி நேரம்தான் திறந்திருக்கும். பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம் என்று செயலர் நினைக்கிறார். மின்கட்டணம் ஊராட்சிக் கணக்கில் போகிறது, பெட்டி அவருடையது இல்லை, அதிலிருந்து அவருக்கு ஒரு பயனும் இதுவரை இல்லை. அவர் ஏன் அதை ஓட விட வேண்டும்? கேபிளின் உரிமை ஒரு நிறுவனத்திடம், அதைப் போட்டது இன்னொன்று, பல மாநிலங்களில் பராமரிப்பை வேறொரு அமைப்பிடம் கொடுத்து வைத்திருந்தார்கள், பெட்டி இருக்கும் இடம் ஊராட்சியுடையது. பழுது என்றால் நாலு பேரும் மற்ற மூன்று பேரைக் காட்டுவார்கள்.

என் முக்கியமான பதில் இதுதான். முதல் பத்து வருடம் இந்தத் திட்டம் கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தது, ஓடும் மணி நேரத்துக்குக் கொடுக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் போட்டீர்கள், எத்தனை ஊராட்சி சேவைக்குத் தயார் என்றுதான் மாதாந்திர அறிக்கை கேட்டது. கேட்டதைக் கொடுத்தார்கள். 2025 மார்ச் வாக்கில் 2.18 லட்சம் ஊராட்சிகள் சேவைக்குத் தயார், ஏறக்குறைய 6.9 லட்சம் கிலோமீட்டர் கேபிள் போட்டாயிற்று என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. உலக அளவில் பெரிய சாதனைதான், கிண்டல் செய்யவில்லை. அதே கணக்கில் இந்த வலையமைப்பு வழியாகப் போன வீட்டு இணைப்புகள் சுமார் 12 லட்சம். ஊராட்சிக்கு ஐந்து, ஆறு. ‘தயார்’ என்ற நிலையிலிருந்து பயன்பாட்டுக்குப் போகும் தூரம் அவ்வளவு பெரியது.

அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு ஏற்ற ஆள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கிறார்: கேபிள் டிவிக்காரர். கம்பங்கள் எங்கே என்று அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் மாதக் கடைசியில் காசு வரும் என்றும் தெரியும். பிஎஸ்என்எல் வீட்டு ஃபைபர் பல ஊர்களில் இப்படிப்பட்ட கூட்டாளிகள் மூலமாகத்தான் போகிறது. ஆனால் அவர் சொந்தக் காசில் கேபிளும் பிரிப்பானும் மோடமும் வாங்கிப் போட வேண்டும். மேலே லைன் வாரத்துக்கு இரண்டு நாள் விழுந்தால் வாடிக்கையாளர் திட்டுவது அவரைத்தான். ஒருமுறை சூடுபட்டவர் தனியார் நிறுவனத்தின் லைனுக்குப் போய்விடுவார். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2011-ல் இதைத் திட்டமிட்டபோது கிராமத்தில் 3ஜி கூடக் கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மொபைல் டேட்டா விலை தரையைத் தொட்டது. கையில் இருக்கும் போனிலேயே எல்லாம் கிடைக்கும்போது, வீட்டுக்கு இன்னொரு நானூறு, ஐந்நூறு ரூபாய் மாதச் செலவை எல்லாக் குடும்பமும் ஏற்காது. தேவை வளர்வது மெதுவாகத்தான் நடக்கும்.

தனியாரும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2021 ஜூனில் 16 மாநிலங்களைத் தனியார் பங்களிப்பில் கொடுக்க, 19,041 கோடி ரூபாய் மானியத்தோடு அமைச்சரவை முடிவெடுத்தது. ஏலம் எடுக்க யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் வேறு கதை: 2018-ல் டான்ஃபிநெட் நிறுவனம் உருவாகி, டெண்டர் விட்டு, நிபந்தனைகள் போட்டியைச் சுருக்குகின்றன என்று புகார் கிளம்பி, 2020-ல் மத்திய அரசு அதை ரத்து செய்து மறுபடி விடச் சொன்னது. இதனால் களத்தில் வேலை தொடங்குவதே வருடக்கணக்கில் தள்ளிப்போயிற்று. ஊழலா என்ற உங்கள் கேள்விக்கு என் நேர்மையான பதில்: சிறிய அளவில், ஆழத்திலும் அளவிலும் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேரும் யோக்கியர்களாக இருந்திருந்தாலும் பழைய கேபிள், பூட்டிய அலுவலகம், நாலு முதலாளிகள் ஆகிய மூன்றும் அப்படியேதான் இருந்திருக்கும்.

பணக்கார நாடுகளில் மட்டும் இது சுமுகமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா 2009-ல் பத்தில் ஒன்பது வீட்டுக்கு நேரடி ஃபைபர் என்று அறிவித்தது. 2013-ல் பழைய தொலைபேசிக் குழிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது தெரிந்து குழி வேலைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே வருடம் ஆட்சி மாறியதும், செலவு அதிகம் என்று பல வீடுகளுக்குக் கடைசித் தூரத்தில் பழைய செம்புக் கம்பியையே வைத்துக்கொண்டார்கள். 2020-ல் அந்த வீடுகளுக்கே மறுபடி ஃபைபர் கொண்டுபோகப் புதிதாகப் பணம் ஒதுக்கினார்கள். இருக்கும் பழையதைப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம் என்ற ஆசை எங்கும் ஒரே மாதிரிதான் முடிகிறது போலிருக்கிறது.

இங்கே 2023 ஆகஸ்டில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இதற்கு ஒரு வருடம் முன்பே பிபிஎன்எல்லை பிஎஸ்என்எல்லோடு இணைக்க முடிவாகியிருந்தது. முதலாளிகளில் ஒருவர் குறைந்தார். புதிய திட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. கட்டுபவரே பத்து வருடம் பராமரிக்கவும் வேண்டும். கேபிள் ஒரே கோடாகப் போகாமல் வளையமாகச் சுற்றி வர வேண்டும். அப்போது ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் மறுபக்கம் வழியாகப் போக்குவரத்து திரும்பிவிடும், இரவில் அவசரமாக ஜாயின்ட் அடிக்கத் தேவையில்லை. ஆனால் வளையத்தை வரைபடத்தில் பார்த்து நம்பக் கூடாது. நிலத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு கைகளும் ஒரே பாலத்தில், ஒரே டக்டில் போய்க்கொண்டிருக்கும். ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லை, என்ன செய்வது? அந்தப் பாலத்தில் ஒரு ஜேசிபி கை வைத்தால் வளையமும் கோடும் ஒன்றுதான். இந்த முறை வெற்றி பெறுமா என்று கேட்டால், லைன் விழுந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒப்பந்ததாரரின் பில்லில் உண்மையிலேயே பிடிப்பார்களா என்பதைப் பொறுத்தது என்பேன். ஒப்பந்தத்தில் எழுதுவது சுலபம்.

கடைசியாக ஸ்டார்லிங்க், 5ஜி. ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் பெற்றது. மலைக்கிராமம், தீவு, காட்டுக்குள் இருக்கும் பள்ளி ஆகிய இடங்களுக்கு அது நல்ல வழி. பாரத்நெட்டே சில ஆயிரம் ஊராட்சிகளைச் செயற்கைக்கோள் வழியாக இணைக்கத்தான் வைத்திருந்தது. ஆனால் ஒரு செயற்கைக்கோள் ஒரு வட்டாரத்தின் மேல் பொழியும் கொள்ளளவை அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு மாதிரி நெருக்கமாக ஊர்கள் இருக்கும் இடத்தில் ஊரே சேர்ந்தால் அது திணறும். 5ஜி டவரோ, பின்னால் ஃபைபர் இல்லாவிட்டால் பெயருக்குத்தான் 5ஜி. கிராமப்புற டவர்களில் கணிசமானவை இன்னும் மைக்ரோவேவ் தட்டு மூலமாகத்தான் அடுத்த டவரோடு பேசிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கும் கேபிளில் பயன்படுவது ஓரிரு இழைகள்தான். மிச்சம் இருட்டாகக் கிடக்கிறது. அதில் ஒன்றைப் பக்கத்து டவருக்கு வாடகைக்கு விட்டால் கேபிளைப் பராமரிக்க ஒரு வருமானமும் வரும், வெட்டு விழுந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவர ஒரு தனியார் நிறுவனமும் கிடைக்கும். இழையை வாடகைக்கு விட வழி ஏற்கெனவே இருக்கிறது. வாங்குபவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, மாதத்தில் எத்தனை மணி நேரம் லைன் விழும் என்பதுதான்.